இறுகிப்போன ஸ்டெம்மும் சர் ஹம்ப்ரி டேவியும்

பழைய ரேஸ் சைக்கிளைப் பிரித்துப் பார்த்த நண்பர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். ஸ்டீல் போர்க்குக்குள் இறங்கும் அலுமினிய ஸ்டெம், வருஷக்கணக்கில் கழற்றாமல் கிடந்தால் பாறை மாதிரி இறுகிவிடும். ஏன் என்று தேடப் போய்த்தான் நான் டேவியின் வாழ்க்கையைப் படித்தேன்.

1778-இல் இங்கிலாந்தின் பென்சான்ஸில் ஒரு மரச்சிற்பியின் மகனாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட, மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகினார். பல்கலைக்கழகத்தில் படிக்காத இவர் 1801-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சேர்ந்தார். 1807-இல் மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்துக் காட்டினார். மறு வருஷம் அலுமினியத்துக்குப் பெயர் வைத்தார். அதைப் பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. 1815-இல் சுரங்கத் தொழிலாளிகளுக்காகப் பாதுகாப்பு விளக்கு செய்தார். அதற்குக் காப்புரிமை வாங்கிப் பணம் பார்க்கவில்லை.

கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளை உப்புநீர் அரித்துக்கொண்டிருந்தது. செம்போடு துத்தநாகமோ இரும்போ சேர்த்துப் பொருத்தினால், அது அரிபட்டுச் செம்பைக் காப்பாற்றும் என்று 1824-இல் டேவி நிரூபித்தார். செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரையாததால் சிப்பியும் பாசியும் தகட்டில் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. கேலியும் கிளம்பியது. 1829-இல் ஜெனீவாவில், ஐம்பது வயதில் டேவி காலமானார்.

நம்ம ஸ்டெம்மில் நடப்பதும் அதே விஷயம்தான். வியர்வையும் மழைநீரும் இறங்கினால், அலுமினியம் அரிபட்டு ஸ்டீலைக் காக்கிறது. அரிபட்ட வெள்ளைப் பொடி உப்பி, இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. ஆகவே சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். மேல் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆப்பு இறங்கும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, பிறகு மெதுவாகத் திருகுங்கள். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

அன்று தோற்றதாகச் சொல்லப்பட்ட டேவியின் யோசனைதான் இன்று எஃகுக் கப்பல்களையும் பூமிக்கடியில் ஓடும் குழாய்களையும் காக்கிறது. பட்டம் இல்லாத ஒருவரின் கணக்கு தப்பவில்லை நண்பர்களே! அதைச் சரியான இடத்தில் பொருத்தத்தான் உலகத்துக்கு நாளாயிற்று. டிப்ளமோதானே என்று நம்மை யாராவது சொன்னால், எனக்கு டேவிதான் ஞாபகம் வருகிறார்.