அடாம் பொலிட்சர்

அடாம் பொலிட்சர் (அக்டோபர் 1, 1835 – ஆகஸ்ட் 10, 1920) ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பணியாற்றிய காது மருத்துவர் ஆவார். காது மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநிறுத்தியவர்களுள் ஒருவர். மூக்கின் வழியாக நடுச்செவிக்குக் காற்றைச் செலுத்தும் எளிய முறையை 1863 இல் வெளியிட்டார். சிறு குழந்தைகளின் காதுநோய்க்குக் கருவியை உள்ளே நுழைக்காமல் மருத்துவம் செய்ய இம்முறை வழிவகுத்தது.

வாழ்க்கைச் சுருக்கம்

பொலிட்சர் அங்கேரியில் உள்ள ஆல்பர்ட்டி என்னும் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1859 இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் வூர்சுபர்க், பாரிஸ், லண்டன் முதலிய நகரங்களுக்குச் சென்று அக்காலத்தின் முன்னணி அறிஞர்களிடம் பயின்றார். 1861 இல் வியன்னா திரும்பி, பல்கலைக்கழகத்தில் காது மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

நடுச்செவியும் குழந்தைகளும்

செவிப்பறைக்கு உட்புறம் காற்று நிரம்பிய சிறு அறை உள்ளது. இதுவே நடுச்செவி. யூஸ்டேக்கியன் குழல் இதனைத் தொண்டையின் மேற்பகுதியுடன் இணைக்கிறது. விழுங்கும்போது இக்குழல் திறந்து, நடுச்செவிக்குள் புதிய காற்று செல்கிறது. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் சளியால் எளிதில் அடைபடுகிறது. கிருமிகளும் எளிதில் மேலேறுகின்றன. அடைப்பு நீடித்தால் நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையும். பேச்சுப் பழகும் வயதில் இது நேர்ந்தால் மொழிவளர்ச்சியும் பாதிக்கப்படலாம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் இல்லாத அக்காலத்தில், காதில் பிடித்த சீழ் மூளைவரை பரவி உயிரைப் பறிப்பதும் உண்டு.

பொலிட்சர் முறை

பொலிட்சருக்கு முன்னர் இவ்வடைப்பை நீக்க மூக்கின் வழியே நீண்ட குழாய் செலுத்தப்பட்டது. குழந்தைகள் இதனைப் பொறுத்துக்கொள்வது அரிது. பொலிட்சர் இரப்பர்ப் பை ஒன்றைப் பயன்படுத்தினார். நோயாளி வாயில் சிறிது நீரை வைத்துக்கொள்வார். பையின் முனை ஒரு நாசித்துளையில் பொருத்தப்பட்டு, மற்றது மூடப்படும். நீரை விழுங்கும் கணத்தில் பையை அழுத்தினால் காற்று நடுச்செவியை அடையும். அழும் குழந்தைக்கு அண்ணம் தானாகவே உயர்வதால் நீர்கூடத் தேவைப்படுவதில்லை. எனினும் கடுமையான சளியும் சீழும் உள்ளபோது இம்முறை தவிர்க்கப்படுகிறது. காற்றுடன் கிருமிகளும் காதுக்குள் செல்லக்கூடும்.

தேங்கிய நீரை வடிக்கச் செவிப்பறையில் இடும் துளை விரைவில் மூடிக்கொள்ளும். அதனைத் திறந்துவைக்க, கடின இரப்பரால் ஆன சிறு வளையத்தைப் பொலிட்சர் 1860களில் பொருத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. 1954 இல் அமெரிக்க மருத்துவர் ஆம்ஸ்ட்ராங் நெகிழிக் குழாயைக் கொண்டு இதே எண்ணத்தை வெற்றிபெறச் செய்தார்.

கல்விப் பணி

1864 இல் துரோல்ட்சு, சுவார்ட்சு ஆகியோருடன் இணைந்து காது மருத்துவத்துக்கெனத் தனி ஆய்விதழைத் தொடங்கினார். 1873 இல் குரூபருடன் இணைந்து வியன்னாவில் பல்கலைக்கழகக் காது மருத்துவமனையைத் தொடங்கினார். இவரது பாடநூல் 1878, 1882 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. ஓவியத் திறன் மிக்க இவர் செவிப்பறையின் தோற்றங்களைத் தாமே வரைந்து கற்பித்தார். 1914 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனி இவரது மருத்துவமனையில் பணியாற்றியவர். ஓய்வுபெற்ற பின்னர், காது மருத்துவ வரலாற்றின் இரண்டாம் தொகுதியை 1913 இல் வெளியிட்டார்.

இன்றைய தடுப்பு முறைகள்

நடுச்செவியின் நலம் மூக்கு, தொண்டை ஆகியவற்றின் நலத்தைச் சார்ந்தது என்பதே இன்றைய தடுப்பு முறைகளுக்கும் அடிப்படையாகும். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும் கொடுத்தல், படுத்த நிலையில் புட்டிப்பால் புகட்டாதிருத்தல், வீட்டில் புகைபிடிக்காதிருத்தல், கைகழுவுதல் ஆகியன நோய்வாய்ப்பைக் குறைக்கின்றன. நியூமோகாக்கல் தடுப்பூசி 2017 இல் இந்தியாவின் சில மாநிலங்களிலும் 2021 இல் தமிழ்நாட்டிலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இது 6 ஆவது வாரம், 14 ஆவது வாரம், 9 ஆவது மாதம் என மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது. தமிழ்நாட்டில் குழந்தையின் காதில் எண்ணெய் விடும் வழக்கம் உண்டு. நோய் தோன்றும் இடம் செவிப்பறைக்கு உட்புறம் என்பதால் இதனால் பயனில்லை. செவிப்பறை கிழிந்திருந்தால் தீங்கும் நேரலாம். காதில் சீழ் வடியும் குழந்தையை மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது.