வந்த நாட்டைச் சொந்த நாடாக்கிய நிவேதிதை அம்மையார்

கடல் கடந்து போய் வாழ்வது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. ஒரு காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் நாடிச் சென்றார்கள். பின்னர் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று சென்றார்கள்; இன்றும் செல்கின்றார்கள். சென்றவரிடமிருந்து செய்தி வந்தால், குளிர் பழகிவிட்டதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டிலுள்ள பெரியோர் விசாரிப்பார்கள். அந்நாட்டு மக்களோடு மனம் ஒத்துப்போயிற்றா என்று விசாரிப்போர் மிகச் சிலரே. பிறநாட்டிற் குடிபுகுவோர்க்கு உண்மையிற் கடினமானது அதுவே.

குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வந்து, அந்நாட்டு மக்களுள் ஒருவராகவே வாழ்ந்து மறைந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இம்மலரிலே கூற விரும்புகின்றேன். அவரை உலகம் சகோதரி நிவேதிதை என அறியும். அவருடைய சேவையைப் பற்றி நம் சங்க மேடைகளிற் பலரும் பேசியிருக்கின்றார்கள். அவர் ஓர் ஒழுங்கையிலே, ஒரு சிறு வீட்டிலே, அயலவர் நடுவிலே எவ்வாறு குடியமர்ந்தார் என்பதையே நான் இங்கு சொல்லப் புகுகின்றேன்.

மார்கரட் எலிசபெத் நோபிள் என்பது அவருடைய இயற்பெயர். 1867ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி அயர்லாந்தின் வடபாகத்திலுள்ள டங்கானன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ போதகர். மகள் சிறுமியாயிருக்கும்போதே காலமானார். மார்கரட் இங்கிலாந்திலே கல்வி கற்று, பதினேழு வயதளவில் ஆசிரியையானார். குழந்தைகளுக்கு விளையாட்டின் மூலமே கல்வி புகட்டலாம் என்னும் புதிய முறையிற் பற்றுக்கொண்டு, இலண்டனை அடுத்த விம்பிள்டனிலே சொந்தமாக ஒரு பாடசாலையும் நடத்தினார்.

1895ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் இலண்டனிலே சுவாமி விவேகானந்தரை முதன்முதலாகக் கண்டார். சுவாமிகள் சொன்னவற்றை அவர் உடனே ஏற்றுக்கொண்டாரல்லர். ஐயங்களை எழுப்பினார், வாதித்தார், பின்னரே தெளிந்தார். தெளிந்தபின், இந்தியப் பெண்களின் கல்விக்காகத் தம் வாழ்வை அளிக்க முன்வந்தார்.

சுவாமிகள் அவரை ஆசைகாட்டி அழைக்கவில்லை. 1897ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அல்மோராவிலிருந்து எழுதிய கடிதத்தில், வரப்போகும் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். நாட்டின் வறுமை, சாதிக் கட்டுப்பாடு, தீண்டாமை என்பவற்றைச் சொன்னார். வெள்ளையர் அவரைப் பித்துப் பிடித்தவராக எண்ணுவர் என்றும், இந்தியர் ஐயத்துடன் விலகி நிற்பர் என்றும், வெயில் மிகக் கொடியது என்றும், நகரங்களுக்கு வெளியே ஐரோப்பிய வசதி எதுவும் கிடையாது என்றும் எச்சரித்தார். அத்தனையும் அறிந்த பின்னரும் வருவதாயின் வருக எனவும், எது நேரினும் தாம் துணைநிற்பார் எனவும் எழுதினார். வெளிநாடு செல்பவருக்கு இவ்வளவு உண்மையான கடிதம் எழுதுவோர் இக்காலத்திலும் அரியர்.

சுவாமிகள் நம் யாழ்ப்பாணத்துக்கு வந்து இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றியது 1897ஆம் ஆண்டு தை மாதத்தில். அதற்குச் சரியாக ஓராண்டின் பின், 1898 தை 28ஆந் திகதி, மார்கரட் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கினார். பங்குனி 25ஆந் திகதி சுவாமிகள் அவருக்குத் தீட்சையளித்து, நிவேதிதை என்னும் பெயரைச் சூட்டினார். இறைவனுக்குப் படைக்கப்பட்டவள் என்பது அதன் பொருள்.

தீட்சை பெறுவதற்குச் சில நாள் முன்னர் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரின் தேவியாராகிய அன்னை சாரதாதேவியாரை, வேறிரு மேனாட்டு மாதருடன் நிவேதிதை காணச் சென்றார். அன்னையார் கிராமத்திற் பிறந்து ஆசாரத்தில் வளர்ந்த அந்தணப் பெண்மணி, ஆங்கிலம் அறியாதவர். அவர் அம்மூவரையும் தம் மக்களாக ஏற்று, அவர்களுடன் கூடியிருந்து உணவும் அருந்தினார். சபையிற் பேசாமலும் ஊரறிய விளம்பரஞ் செய்யாமலும் அவர் செய்த இச்செயல், பல பிரசங்கங்கள் சாதிக்க முடியாததைச் சாதித்தது. அன்னையார் அன்று கதவைத் திறந்திராவிடில் நிவேதிதையின் வாழ்வு கல்கத்தாவிலே வேர்கொண்டிருக்குமோ என்பது ஐயமே.

ஆனால், வீட்டுக் கதவு திறந்தாற் போதாது. வந்தவருடைய மனக் கதவும் திறக்கவேண்டும். அதுவே நிவேதிதைக்குப் பெருஞ் சோதனையாயிற்று. அவ்வாண்டு கோடையிற் சுவாமிகளுடன் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவுக்குச் சென்றிருந்தார். அக்காலத்தில் அவருடைய உள்ளத்திலே ஆங்கிலேயர் ஆட்சியின்மேற் பற்று ஆழமாக இருந்தது. மேனாட்டு அளவுகோலைக் கொண்டே எதனையும் அளந்தார். சுவாமிகளோ நாள்தோறும் அவருடைய கருத்துக்களைக் கடுமையாகத் தாக்கினார். அன்பான சொல்லை எதிர்பார்த்து வந்தவருக்குக் கண்டிப்பே கிடைத்தது. நிவேதிதை மிகவும் மனம் நொந்தார். ஆயினும் கப்பலேறித் திரும்பிப் போய்விட எண்ணவில்லை. இறுதியில் உடன்வந்த மூத்த அம்மையார் ஒருவர் சுவாமிகளிடம் பரிந்து பேச, அவரும் கனிந்து சீடரை ஆசீர்வதித்தார். உடையை ஒரு நாளில் மாற்றலாம். உணவை ஒரு மாதத்திற் பழகலாம். பிறந்த நாட்டின் பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு மற்றொரு நாட்டை அதன் கண்களாலேயே பார்க்கப் பழகுவது எத்துணைக் கடினம் என்பதை அல்மோரா அவருக்குக் காட்டியது.

கார்த்திகை மாதத்திற் கல்கத்தாவுக்குத் திரும்பியவர், வடபாகத்திலே பாக்பஜாரில் உள்ள போஸ்பாரா ஒழுங்கையிலே அன்னை சாரதாதேவியாரின் இல்லத்தில் முதலிற் சில நாட்கள் தங்கினார். பளபளக்கும் செந்தரையிலே வரிசையாகப் பாய்கள். ஒவ்வொரு பாய்க்கும் ஒரு தலையணை, ஒரு நுளம்பு வலை. இவையே அங்கிருந்த பெண்களின் படுக்கை. நிவேதிதைக்கும் அவ்வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. தம்மை அங்கு வைத்திருப்பதனால் அன்னையாரின் உறவினருக்குக் கிராமத்திலே சாதிச் சிக்கல் நேரக்கூடும் என்பதை அவர் பின்னரே உணர்ந்தார். அதே ஒழுங்கையில் 16ஆம் இலக்க வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கே குடிபுகுந்தார்.

இரண்டு முற்றங்களும், ஏற்றமும் இறக்கமுமான மொட்டைமாடிகளும் உடைய பழைய வீடு அது. ஐரோப்பியர் வாழும் பகுதியில் நல்ல காற்றோட்டமான வீடு தேட அவர் நினைக்கவில்லை. கோடை வெக்கை தாங்க முடியாத நாட்களில், அன்னையாரின் அனுமதியுடன் அவரது வீட்டுக்குச் சென்று படுத்துக்கொண்டார். வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடாயிற்று. கடைசியில் ஒரு முதியவள் வரச் சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தாள்: வெள்ளைக்கார அம்மா சமையலறைக்குள் அடியெடுத்து வைக்கலாகாது, அடுப்பையும் தண்ணீரையும் தொடலாகாது. வாடகை கொடுப்பவர், சம்பளம் கொடுப்பவர், தம் வீட்டுச் சமையலறைக்குத் தாமே அந்நியரானார். நிவேதிதை சினங்கொள்ளவில்லை, நிபந்தனையை ஏற்றார். அக்கிழவியையும் அன்புடன் நடத்தினார்.

அவருடைய பொறுமையை நாம் வியக்கின்றோம். அதே வேளையில், அந்த நிபந்தனையை விதித்த சமூகம் நம்முடையதே என்பதையும் மறக்கலாகாது. நம் ஊர்க் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் நாம் யார் யாரை எட்ட நிறுத்திவைத்தோம் என்பதைப் பெரியோர் அறிவர்.

1898 கார்த்திகை 13ஆந் திகதி, காளிபூசை நாளன்று, அன்னை சாரதாதேவியார் எழுந்தருளி அவ்வீட்டிலே பெண்கள் பாடசாலையை ஆரம்பித்து வைத்தார். பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பும் வழக்கமில்லாத அயலிலே, நிவேதிதை வீடு வீடாகச் சென்று பெற்றோரைக் கேட்டு மன்றாடினார். வந்த சிறுமிகள் சிலரே. தையலும் சித்திரமும் எழுத்தும் எண்ணும் அவர்கள் கற்றனர். அவர்களிடமிருந்து அவ்வொழுங்கையின் வழக்கங்களையும் விரதங்களையும் ஆசிரியை கற்றார்.

அடுத்த ஆண்டு பிளேக் என்னும் கொள்ளைநோய் கல்கத்தாவிற் பரவியது. இராமகிருஷ்ண சங்கம் அமைத்த நிவாரணப் பணியில் நிவேதிதை முன்னின்றார். ஒருநாள் தாமே துடைப்பத்தை எடுத்து ஒழுங்கையைக் கூட்டத் தொடங்கினார். அதைக் கண்டு நாணிய இளைஞர் ஓடிவந்து அவ்வேலையை ஏற்றனர். டாக்டர் ராதாகோவிந்த கர் என்பவர் நோயுற்ற ஏழைக் குழந்தையொன்றைக் காலையிற் பார்த்துவிட்டு மாலையில் மீண்டும் சென்றபோது, ஈரம் கசியும் அக்குடிசையிலே குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டு நிவேதிதை இருக்கக் கண்டார். அக்குழந்தையின் தாய் முன்னரே இறந்திருந்தாள். குழந்தையும் பிழைக்கவில்லை, அவரையே தாயென்று எண்ணிக்கொண்டு உயிர்நீத்தது. அதன்பின் அந்த அயலிலே அவரை மேனாட்டவர் என்று விலக்கிவைக்க யாருக்கு மனம் வரும்?

பணமின்மையாற் பாடசாலை தளர்ந்தது. நிதி திரட்டும் பொருட்டு 1899 ஆனி மாதத்திற் சுவாமிகளுடன் மேனாட்டுக்குக் கப்பலேறினார். அக்கப்பல் கொழும்பிலும் தங்கிச் சென்றது. 1902ஆம் ஆண்டு மாசியில் அவர் திரும்பி வந்தார். ஐந்து மாதம் செல்லுமுன், ஆடி 4ஆந் திகதி, சுவாமிகள் மகாசமாதி எய்தினார். எவரை நம்பிக் கடல் கடந்து வந்தாரோ அவர் மறைந்தார். ஊருக்குத் திரும்பிச் செல்ல இதைவிடத் தக்க காரணம் வேண்டியதில்லை. நிவேதிதை திரும்பவில்லை. நாட்டு விடுதலை முயற்சியிலும் ஈடுபட விரும்பியதனால், துறவியர் சங்கத்துடன் கொண்டிருந்த தொடர்பைத் தாமே நீக்கிக்கொண்டு, அதே போஸ்பாரா ஒழுங்கையிலேயே தங்கினார்.

அவருடைய வாழ்வின் கனிந்த பருவம் அதுவே. ஸ்ரீ ராமகிருஷ்ணரின் அடியார்களுள் ஒருவரான கோபாலரின் தாய் என்னும் மூதாட்டி, கடும் ஆசாரமுள்ள அந்தணக் கைம்பெண். நோயுற்ற தம் இறுதிக் காலத்தை, 1906இல் மறையும் வரை, நிவேதிதையின் வீட்டிலேயே கழித்தார். சில ஆண்டுகளுக்கு முன் தம் அடுக்களைக்கே அந்நியராயிருந்தவரின் கையிலே ஓர் ஆசாரக் குடும்பத்து மூதாட்டி தம் முதுமையை ஒப்படைத்தார். இம்மாற்றத்தை எந்தச் சட்டமும் கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டில் நாள்தோறும் வாழ்ந்த வாழ்வே கொண்டுவந்தது.

மகாகவி இரவீந்திரநாத தாகூர் தம் மகளுக்கு ஆங்கிலம் கற்பிக்குமாறு நிவேதிதையைக் கேட்டபோது அவர் இணங்கவில்லை. அந்நிய அச்சிலே ஒரு பிள்ளையை வார்ப்பதால் என்ன பயன் என்பது அவர் எண்ணம். அவர் ஆங்கிலத்தை வெறுத்தவரல்லர்; தம் நூல்களையெல்லாம் அம்மொழியிலேயே எழுதினார். மிஷன் பாடசாலையிற் படித்து வளர்ந்த எனக்கு இச்செய்தி பலமுறை சிந்தனை தந்திருக்கின்றது. எனக்குக் கல்வி தந்தோரிடம் நான் என்றும் நன்றியுடையேன். ஆயினும் பிறர்க்குக் கற்பிக்க வருகின்றவர் முதலில் அவர்களிடமே கற்கவேண்டும் என்பதை இவ்வம்மையாரிடமே அறிந்தேன்.

வெப்பநாடு அவருடைய உடலிலிருந்து விலை வாங்கியது. கோடையில் உறக்கமின்றி இரவுகளைக் கழித்தும், வைத்தியரும் நண்பரும் வற்புறுத்தியும், அவ்வீட்டை விட்டு நீங்க அவர் மறுத்ததைத் தாகூரே எழுதியிருக்கின்றார். 1905இல் மூளைக் காய்ச்சலாற் கடும் நோயுற்றார். 1906இல் கிழக்கு வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும் வந்தபோது கிராமங்களுக்குச் சென்று பணிசெய்து, மலேரியாவுடன் திரும்பினார். 1911 ஒக்டோபர் 13ஆந் திகதி டார்ஜிலிங்கில், விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் குடும்பத்தாருடன் தங்கியிருந்தபோது வயிற்றுளைவு நோயால் உயிர்நீத்தார். 44 வயது நிரம்ப இரு வாரங்களே இருந்தன. இந்து முறைப்படி அவருடைய உடல் தகனஞ் செய்யப்பட்டது.

இந்து சமூகத்தின் குறைகளை அவர் அளவுக்கு மீறிப் பொறுத்துக்கொண்டார் என்று சொல்வாருமுளர். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆயினும் நம் மகாகவி பாரதியார் அவரைச் சந்தித்தபின் பெண் விடுதலையிற் புதிய கண்கொண்டார். 1908இல் வெளிவந்த தம் சுதேச கீதங்களை அவருக்கே காணிக்கையாக்கினார். எனவே தமிழராகிய நாமும் அவருக்குக் கடன்பட்டுள்ளோம். அவர் தொடக்கிய பாடசாலை அவர் பெயராலே கல்கத்தாவில் இன்றும் நடைபெறுகின்றது.

இளைஞர்களே! நாளை நம்மிற் பலர் கடல் கடக்கக்கூடும். செல்லும் நாட்டின் சம்பளத்தை விசாரிக்கும்போது, அங்கே நம் ஒழுங்கையில் வாழப்போகும் அயலவரையும் நினைத்துக்கொள்வோம். பெரியோர்களே! நம் வாயிலுக்கும் அந்நியர் வருவர். நம் ஊருக்குள்ளேயே அந்நியராக வைக்கப்பட்டோரும் உளர். போஸ்பாரா ஒழுங்கையிலே நிவேதிதை நிலைத்தது, முதலில் அன்னை சாரதாதேவியார் அவருக்கு ஒரு பாய் விரித்து இடங்கொடுத்ததனாலாகும். அத்தகைய பாயொன்று நம் வீடுகளிலும் விரிக்கப்படுமாக.