மகளைக் காக்க நீரில் பாய்ந்தார்!
புதுவையில் 10 ஆண்டு வாழ்ந்த வீரர் வ.வே.சு. அய்யர்

திருச்சியில் உள்ள வரகனேரியில் 1881-ம் ஆண்டு பிறந்தவர் சுப்பிரமணியம். தந்தை பெயர் வேங்கடேசர். ஊர், தந்தை, தன் பெயர் மூன்றும் சேர்ந்து வ.வே.சு. அய்யர் ஆனார்.

வக்கீல் தொழிலில் நல்ல வருமானம் வந்தது. பாரிஸ்டர் ஆகிவிட்டால் இன்னும் நிறையச் சம்பாதிக்கலாம். அதற்காக 1907-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. சவர்க்காரையும் அவருடைய தோழர்களையும் சந்தித்தார். வெள்ளைக்கார ஆட்சியை ஆயுதம் ஏந்தி விரட்ட வேண்டும் என்று துடித்த வாலிபர்கள் அவர்கள். அய்யரும் அவர்களில் ஒருவர் ஆனார்.

1910-ல் சவர்க்கார் கைதானார். அடுத்தது அய்யர்தான்! ஆனால் போலீசார் கையில் அவர் சிக்கவில்லை. பாரீசுக்குத் தப்பினார். அங்கிருந்து மாறுவேடத்தில் இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

வழியில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அவர் பெட்டியில் இருந்த மூன்று ஆங்கில எழுத்துகளைப் பார்த்து உளவாளி ஒருவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அய்யர் அசையவில்லை. அது வீர விக்கிரம சிங் என்ற தன் பெயரின் சுருக்கம் என்று சொல்லித் தப்பினாராம்.

புதுவை வாசம்

அந்த ஆண்டு முடிவில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அப்போது புதுவை பிரெஞ்சுக்காரர் ஊர். ஆங்கிலேயர் போலீஸ் அங்கே கைது செய்ய முடியாது.

பாரதியார் 1908-லேயே அங்கு வந்துவிட்டார். அரவிந்தரும் அங்கேதான் இருந்தார். கவிதை, வேதம், உலக அரசியல் என்று நண்பர்களின் பேச்சு நீளும். வெளியே ஒற்றர்கள் காத்து நிற்பார்கள்.

அய்யருக்கு வெறும் பேச்சு போதாது. உடம்பில் வலுவில்லாதவன் நாட்டைக் காக்க முடியாது என்பது அவர் எண்ணம். வாலிபர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். 1911-ல் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவரும் இவரே என்பார்கள். அதன் பிறகு ஒற்றர் தொல்லை பெருகியது.

1914-ல் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியரின் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. புதுவையில் இருந்த தேசபக்தர்களைப் பிரெஞ்சுக்காரர் அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பியது. போனால் திரும்புவது நிச்சயம் இல்லை. போகும் முன் தமிழுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நினைத்தார் அய்யர். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1916-ல் அது புத்தகமாக வந்தது. நல்லவேளை, நாடு கடத்தல் நடக்கவில்லை.

குருகுலம்

போர் முடிந்ததும் பொது மன்னிப்பு வந்தது. 1920-ல் அய்யர் புதுவையை விட்டுக் கிளம்பினார். காந்தி வழியை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டே பத்திரிகைக் கட்டுரைக்காகப் பெல்லாரி சிறை! அங்கே உட்கார்ந்து கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

வெளியே வந்து சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். படிப்போடு தொழிலும் உடற்பயிற்சியும் கற்றுக்கொடுத்தார். ஆனால் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே சாப்பாடு போட்டது பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். பொதுமக்கள் பணத்தில் நடந்த பள்ளி அல்லவா?

பாறை வழுக்கியது

அந்தச் சச்சரவு ஓயாத நேரம். 1925 ஜூன் மாதத் தொடக்கம். மாணவர்களை அழைத்துக்கொண்டு பாபநாசம் போனார் அய்யர். மகள் சுபத்திரையும் கூட வந்தாள்.

பொதிகை மலையிலிருந்து தாமிரபரணி இறங்கி வரும் இடம் அது. அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம். அதைப் பார்க்க எல்லோரும் ஏறினார்கள். சுற்றிலும் பாறை. நடுவே நீர் வேகமாகப் பாய்கிறது.

சுபத்திரை நீரைத் தாண்ட முயன்றாள். கால் தவறியது. வெள்ளம் அவளை இழுத்தது.

அய்யர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மகளைப் பிடிக்கப் பாய்ந்தார். பயிற்சி பெற்ற உடம்புதான். ஆனாலும் நீரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தந்தை, மகள் இருவரையும் வெள்ளம் கொண்டுபோயிற்று.

அப்போது அய்யருக்கு வயது 44. சிறையில் அவர் எழுதிய கம்பராமாயண நூல் 1950-ல்தான் அச்சேறியது.