மெதுவாகப் பார்க்கச் சொன்ன மாயா டெரன்

நம்ம கல்யாண வீடியோக்களில் மணப்பெண் தலையைத் திருப்பினாலே ஸ்லோ மோஷன்தான். போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் வந்துவிடுகிறது. அதனாலோ என்னவோ, இப்போ அதைப் பார்த்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. அதே உத்திக்காகப் பிலிமையும் பணத்தையும் எண்ணி எண்ணிச் செலவழித்த ஒரு பெண் இருந்தார்.

மாயா டெரன் 1917ல் கீவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்கள் மீதான வன்முறைக்குத் தப்பி 1922ல் குடும்பம் அமெரிக்கா வந்தது. டெரென்கோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயர் அங்கே டெரன் என்று சுருங்கியது. (வாயில் நுழையவில்லை என்று பெயர் வெட்டுப்பட்ட கதை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு!) எலியனோரா, மாயா ஆனது 1943ல்.

அதே வருடம் அப்பா இறந்தார். அவர் விட்டுப்போன பணத்தில் மாயா ஒரு பழைய 16 எம்எம் போலெக்ஸ் காமெரா வாங்கினார். கணவர் அலெக்ஸாண்டர் ஹமீதுடன் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டிலேயே எடுத்த முதல் படம் சுமார் 14 நிமிடம். அதில் ஒரு பெண் மாடிப்படி ஏறுகிறாள். ஏறுகிறாள், ஏறுகிறாள், படி முடியவே மாட்டேன் என்கிறது. கனவில் ஓட முயன்று கால் நகராத தவிப்பு நமக்குத் தெரியும்தானே, அதேதான்.

படம் மெதுவாகத் தெரிய வேண்டுமென்றால் காமெரா வேகமாக ஓட வேண்டும். நொடிக்கு 64 பிரேம் எடுத்து 16ல் ஓட்டினால் ஒரு நொடி நாலு நொடியாகும்; பிலிமும் நாலு மடங்கு தின்னும். கையில் காசில்லாதவருக்கு இது விளையாட்டில்லை. 1945ல் நடனக்காரர் டாலி பீட்டியை வைத்து எடுத்த குறும்படத்தில் அவர் சுழல்வது மெல்லத் தொடங்கி வேகமெடுக்கிறது. கடைசியில் ஒரு தாவல். பல ஷாட்டுகளை ஒட்டி, எந்த உடம்பாலும் முடியாத அளவுக்கு அவரை அந்தரத்தில் நிறுத்திவைத்தார் மாயா.

நிஜ வேகம் நம் மனதில் பதிந்திருப்பதால்தான் மெதுவான அசைவு நம்மை உலுக்குகிறது என்பது அவருடைய கருத்து. 1946ல் எடுத்த படத்தில் இரண்டு பெண்கள் கம்பளி நூல் சுற்றுகிறார்கள். நூலைப் பிடித்திருப்பவர் மாயாவே. அவர் சிரிப்பது மெதுவாகும்போது, அது சிரிப்பா, பதற்றமா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். அழகுக்காகச் சேர்த்த ஸ்லோ மோஷனில் இது நடக்காது.

அந்த வருடம் கிடைத்த குகன்ஹைம் உதவித்தொகையுடன் 1947ல் ஹைட்டிக்குப் போனார். அங்கத்திய வூடூ சடங்குகளை நிறையப் படம்பிடித்தார், 1953ல் புத்தகமும் எழுதினார். ஆனால் அந்தப் படத்தை முடிக்க அவருக்கு வாய்க்கவில்லை. 1961ல், 44 வயதில், மூளையில் ரத்தக்கசிவு. ஹைட்டிச் சுருள்களை மற்றவர்கள்தான் பிறகு படமாகத் தொகுத்தார்கள்.