மண்ணும் மதுவும்

மதுவை நாவாலும் தீண்டாத யான், உணவைக் கருப்பொருளுள் அடக்கிய தொல்காப்பியத்தைக் கற்பிக்குந்தோறும் கூர்னொன்ஸ்கி என்னும் பிரெஞ்சு எழுத்தாளரை நினைப்பதுண்டு. இயற்பெயர் மோரிஸ் எத்மோன் சாயான். 1872இல் ஆன்ஷே நகரிற் பிறந்தார். லுவார் ஆற்று மீனுக்கு அவ்வாற்றங்கரை வெள்ளை வைனையே துணைகொள்வது அவர் பிறந்த நாட்டு வழக்கு. பகட்டான விடுதிச் சமையலிற் பாரிசு மயங்கியிருந்த காலத்தில், மார்செல் ரூப் என்பாருடன் ஊரூராய்ச் சென்று, 1921 முதல் வட்டார உணவுகளையும் வைன்களையும் நூல்வரிசையாக்கினார். இல்லத்து அடுப்பும் குடியானவர் அடுப்பும் அவராற் பெருமையுற்றன. 1927இல் உணவுச் சுவைஞரின் இளவரசராகத் தெரிவுசெய்யப்பட்டார். போர்க்காலத்திற் பிரித்தானிச் சிற்றூரொன்றில், மெலானி என்னும் அம்மையாரின் எளிய விடுதியிலே தங்கினார். 1956இற் பாரிசில் தம் இல்லச் சாளரத்தினின்றும் வீழ்ந்து மறைந்தார். திணை மயங்கினால் உணவின் சுவையும் மயங்கும் என்பதற்கு அவர் வாழ்வே எனக்கு உரையாயிற்று.