ஓவியரும் வணிக முத்திரையும்

தாமரை மீது நின்றபடி, மேலிரு கரங்களில் மலர் ஏந்தி அருள்பாலிக்கும் லட்சுமியின் படம் இல்லாத கடையைத் தமிழகத்தில் காண்பது அரிது. நாம் மனத்தில் கொண்டிருக்கும் லட்சுமி, சரஸ்வதி ஆகியோரின் முகத்துக்கும் சேலைக்கட்டுக்கும் நிற்கும் பாங்குக்கும் முதன்மைக் காரணமானவர் ராஜா ரவி வர்மா. அவரை மாபெரும் ஓவியராக உலகம் அறியும். இந்திய வணிகப் பொருள்களின் மேலுறைக்கும் லேபிளுக்கும் அவர் அளித்த கொடையும், அந்தக் கொடையால் அவர் அடைந்த இழப்பும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

ரவி வர்மா 1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கிளிமானூரில் பிறந்தார். தாய்மாமன் ராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணி ஓவியத்தில் பயிற்சி பெற்றவர்; சிறுவனின் கைத்திறனை முதலில் கண்டுகொண்டவரும் அவரே. 14-ஆம் வயதில் ரவி வர்மா திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மன்னர் ஆயில்யம் திருநாளின் ஆதரவு கிடைத்தது. ஆனால், ஆசிரியர் கிடைக்கவில்லை.

எண்ணெய் வண்ண ஓவியம் அன்று இங்கு புதிய கலை. அதை அறிந்திருந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர், போட்டியாக வளரக்கூடிய இளைஞருக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லித்தர விரும்பவில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சில நுட்பங்களைக் கற்றுக்கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். 1868-இல் திருவனந்தபுரம் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தாம் வரைவதை அருகிலிருந்து பார்க்க அனுமதித்தாரே தவிர, முறையாகப் பாடம் நடத்தவில்லை. பூட்டி வைக்கப்பட்ட அறிவைப் பார்த்துப் பார்த்தே கற்றவர் ரவி வர்மா. பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இது உதவும்.

1873-இல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்காக ஆளுநரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வியன்னா கண்காட்சியிலும் அவர் படைப்பு பரிசு பெற்றது. சமஸ்தானங்களிலிருந்து அழைப்புகள் வந்தன. பரோடா அரசர் சயாஜிராவ் கெய்க்வாடுக்காகப் புராண, இதிகாசக் காட்சிகள் 14-ஐ அவர் வரைந்து 1890 அளவில் முடித்தார். இந்தப் பணிக்காக, தம்பி சி. ராஜராஜ வர்மாவுடன் வட இந்தியாவைச் சுற்றி, மக்களின் உடைகளையும் சாயல்களையும் கவனித்தார். எந்தப் பகுதிக்கும் முழுதாகச் சொந்தமில்லாத, எல்லாப் பகுதியினரும் தம்முடையதாகக் கொள்ளத்தக்க ஓர் உருவத்தை உருவாக்குவதே அவரது நோக்கமாக இருந்தது. நாடு முழுவதையும் ஒரே சந்தையாகக் கருதும் இன்றைய நிறுவனம் தனது இலச்சினை வடிவமைப்பாளரிடம் கேட்பதும் ஏறத்தாழ இதைத்தான்.

ஓவியம் ஒன்றுதான்; அதைப் பார்க்க விரும்பியவர்களோ பல்லாயிரம் பேர். இதற்கான வழியை எடுத்துரைத்தவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய சமஸ்தானங்களில் திவானாகப் பணியாற்றிய டி. மாதவ ராவ். தேர்ந்தெடுத்த ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் படிகளாக அச்சிடலாம் என்று அவர் ரவி வர்மாவுக்கு யோசனை கூறினார். ரவி வர்மா அதற்கும் ஒரு படி மேலே சென்றார். 1894-இல் பம்பாயில் தாமே அச்சகம் நிறுவினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில்நுட்பர்களும் வந்தனர்.

அந்நாளைய வண்ணக் கல் அச்சு எளிதான தொழில் அன்று. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிச் சுண்ணாம்புக் கல்லில் படத்தை வரைய வேண்டும். ஒரே தாள் பல கற்களின் மீது அடுத்தடுத்து, மயிரிழை பிசகாமல் படிய வேண்டும். இறுதியில் மெருகெண்ணெய் பூசினால் அது எண்ணெய் ஓவியம்போல் மின்னும். முதலீடு பெரிது, ஆனால், ஒருமுறை கற்கள் தயாராகிவிட்டால் கூடுதலாக அச்சிடும் ஒவ்வொரு படிக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. பொருளியலில் இதை நிலைச் செலவு மிகுந்த தொழில் என்போம். இத்தகைய தொழிலில் வெற்றி பெற விற்பனை பெருகினால் மட்டும் போதாது. பிறர் நகல் எடுப்பதைத் தடுக்கவும் முடிய வேண்டும்.

முதலாவது நிகழ்ந்தது, இரண்டாவது நிகழவில்லை. கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாதவர்களின் குடிசைச் சுவர்களிலும் தெய்வங்கள் குடியேறின. வசதியுள்ள வீடுகளில் பெண்கள் அந்தப் படங்களுக்குச் சரிகையும் மணியும் ஒட்டி அழகு பார்த்தனர். அதேசமயம், அந்த உருவங்களை மற்ற அச்சகங்களும் நகலெடுத்தன. ரவி வர்மாவுக்கு முன்பே கல்கத்தாவிலும் புணேயிலும் தெய்வப் படங்களை அச்சிட்டவர்கள் உண்டு. ஆயினும், அவருக்குப் பின் எல்லோரும் அவரது சாயலிலேயே வரையத் தொடங்கினர்.

வணிகர்களும் பின்தங்கவில்லை. மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிகளின் மீது வண்ண லேபிள்கள் ஒட்டும் வழக்கம் இருந்தது. ரவி வர்மாவின் தேவியர் அந்த லேபிள்களில் ஏறினர். தீப்பெட்டிகளிலும், சோப்பு நிறுவனங்களின் நாள்காட்டிகளிலும் இடம்பெற்றனர். காரணம் எளிது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 5 பேர் அளவிலேயே இருந்தனர். எஞ்சிய 95 பேருக்கும் படம்தான் எழுத்து; படம்தான் உத்தரவாதம். யானை மார்க், மயில் மார்க் என்று கேட்டு வாங்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

வடிவமைப்பாளரின் கண்கொண்டு பார்த்தால் ரவி வர்மாவின் லட்சுமி ஏன் லேபிளுக்குப் பொருந்தினாள் என்பது விளங்கும். நடுவில் ஒற்றை உருவம், நேர்கொண்ட பார்வை, உருவத்தைத் தெளிவாகப் பிரித்துக்காட்டும் பின்னணி, யானை, தாமரை என உடனே அடையாளம் காணத்தக்க சில துணைச் சின்னங்கள். சுவரளவில் இருந்தாலும் தீப்பெட்டியளவில் இருந்தாலும் அது லட்சுமிதான். அளவு சுருங்கினாலும் பொருள் சுருங்காத உருவமே நல்ல முத்திரைக்கு அடிப்படை.

ஆனால், இங்கே ஒரு முரண் உண்டு. எல்லோருக்கும் பிடித்த உருவத்தை எல்லோருமே ஒட்டினால் அது யாருடைய பொருள் என்பதை எப்படி அறிவது? மேலுறைக்கு இரு வேலைகள். ஒன்று, வாங்குவோரை ஈர்ப்பது. மற்றொன்று, செய்தவர் யார் என்று சொல்வது. ரவி வர்மாவின் லட்சுமி முதல் வேலையை ஒப்பற்ற முறையில் செய்தாள். இரண்டாவது வேலையை அவளால் செய்ய இயலவில்லை. தரத்தை முன்கூட்டி அறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்பதை 1970-இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் விளக்கினார். பின்னர் நோபல் பரிசும் பெற்றார். அந்நிலையைத் தடுப்பது செய்தவரின் பெயரைத் தாங்கிய முத்திரை. பொதுச் சொத்தான தெய்வ உருவம் அந்தப் பொறுப்பை ஏற்க இயலாது. ராமாயணம் என்ற பெயரைத் தனியொருவர் தமது வணிக முத்திரையாக உரிமை கோர முடியாது என்று 2015-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

ரவி வர்மாவின் காலத்தில் சட்டத்தின் துணையும் போதுமானதாக இல்லை. பொய்யான வணிகக் குறிகளைத் தண்டிக்கும் சட்டம் 1889-இல் வந்தது. முத்திரைகளைப் பதிவு செய்ய வகைசெய்யும் சட்டம் இந்தியாவில் 1940-இல்தான் இயற்றப்பட்டது. அதற்குள் அவர் மறைந்து 34 ஆண்டுகள் கடந்துவிட்டன.

அச்சகத்துக்கு வேறு துன்பங்களும் வந்தன. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். 1899-இல் அச்சகம் லோனாவாலா அருகே மளவ்லிக்கு இடம்பெயர்ந்தது. சமஸ்தானம் சமஸ்தானமாகப் பயணம் செய்து வரைந்துகொண்டிருந்த ஓவியரால் தொழிலை அன்றாடம் கவனிக்க முடியவில்லை. கடன் பெருகியது. புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அச்சகத்தையும், பல படங்களை அச்சிடும் உரிமையையும் அங்கு பணியாற்றிய ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் அவர் விற்க நேர்ந்தது. புதிய உரிமையாளர் தெய்வப் படங்களோடு வணிக லேபிள்களையும் அச்சிட்டுத் தொழிலை நிலைநிறுத்தினார். அச்சகத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. ரவி வர்மா என்னும் பெயருக்கு இருந்த சந்தை மதிப்பு அத்தகையது. அந்த மதிப்பை உருவாக்கியவர் கையில் அது தங்கவில்லை.

1904-இல் ஆங்கிலேய அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. மறு ஆண்டின் தொடக்கத்தில், உடன்பிறப்பாகவும் உதவியாளராகவும் இருந்த ராஜராஜ வர்மா காலமானார். நீரிழிவு நோயால் தளர்ந்திருந்த ரவி வர்மா, 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் மறைந்தார். அவரது ஓவியத்தில் இந்தியத்தன்மை இல்லை என்று ஆனந்த குமாரசுவாமியும் வங்கக் கலை மரபினரும் கடுமையாக விமர்சித்தனர். கலை விமர்சகர்களின் தீர்ப்பு எதுவாயினும் மக்கள் தங்கள் பூஜை அறைகளில் அவருக்கு அளித்த இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1979-இல் இந்திய அரசு அவரது ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்து, அவை நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதித்தது. மளவ்லி அச்சகமோ 1972-லேயே தீக்கிரையாகிவிட்டது.

இந்த வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடத்தைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள அனுப்பம்பட்டு ரயில் நிலையத்திலிருந்து சிறிது தொலைவில் பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அங்கு கோட்டை கட்டிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் தனது பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் பின்னிய முத்திரையை நாணயத்திலும் பீரங்கியிலும் பீங்கானிலும் பொறித்தது. உலகின் தொடக்ககால நிறுவன இலச்சினைகளில் அது புகழ்பெற்றது. ஈர்க்கும் அழகு அதில் குறைவு. யாருடையது என்பதில் ஐயமே இல்லை. அதே துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணியை மலாய் மக்கள் இன்றும் ‘பெலிகாட்’ என்றே அழைக்கின்றனர். பழவேற்காட்டின் பெயர் கடல் கடந்து வாழ்கிறது. அதை நெய்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இன்று அந்த ஏரிக்கரைக் கிராமங்களில் இறாலும் நண்டும் பிடிபடுகின்றன, கருவாடு காய்கிறது, பெண்கள் பனையோலையில் வண்ணக் கூடைகள் பின்னுகின்றனர். செய்தவரின் பெயரின்றி விற்கப்படும் பொருள், அடுத்தவர் கையில் அடுத்தவர் லேபிளை ஏற்றுக்கொள்கிறது. விலையின் பெரும்பகுதியும் அந்த லேபிளோடு போய்விடுகிறது. மகளிர் குழுக்களுக்குக் கடனும் பயிற்சியும் அளிக்கும் அரசுத் திட்டங்கள், நல்ல மேலுறைக்கும் தனித்த முத்திரைக்கும் அதன் சட்டப் பதிவுக்கும் உதவுவதைத் தலையாய கடமையாகக் கொள்ள வேண்டும். கல்லூரிகளில் வடிவமைப்பு பயிலும் மாணவர்களை ஒரு பருவம் இத்தகைய கிராமங்களுக்கு அனுப்பினால் இரு தரப்பும் பயன்பெறும்.

அங்கு செல்லும் இளம் வடிவமைப்பாளர், அழகிய மீன் படத்தை வரைந்து கொடுத்ததோடு தமது பணி முடிந்ததாகக் கருதலாகாது. எந்த ஊர், எந்தக் குழு, எவருடைய உழைப்பு என்பதை அந்த உறை சொல்கிறதா என்று கேட்க வேண்டும். அந்த முத்திரையின் உரிமை குழுவின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரவி வர்மாவுக்கு அழகு கைவந்தது, உரிமை கைகூடவில்லை. அவர் வாழ்ந்த நாளில் அதற்கான சட்டம் இல்லை. நம் நாளில் சட்டம் இருக்கிறது. அதைக் கடற்கரைக் குடிசை வரை கொண்டு சேர்க்கும் அக்கறைதான் தேவை.