மூக்கும் நாணயமும்

கல்லூரியில் பொருளியல் பயிற்றுவித்த காலத்தில், 1907-ஆம் ஆண்டின் அமெரிக்க வங்கி நெருக்கடியை விளக்கும்போதெல்லாம் ஜே.பி. மார்கனின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். பாடநூல்கள் அவரது செல்வத்தைப் பேசும், மூக்கைப் பேசுவதில்லை. அந்த மூக்கின் கதையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு.

1837 ஏப்ரல் 17-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர் மார்கன். 1895-இல் அமெரிக்கக் கருவூலத்தில் தங்க இருப்பு கரைந்தபோது கைகொடுத்தார். 1901-இல் நூறு கோடி டாலருக்கும் மிகுந்த மூலதனத்துடன் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை உருவாக்கினார். மத்திய வங்கி இல்லாத அந்நாட்டில், 1907-இல் வங்கி அதிபர்களைத் தமது நூலகத்தில் கூட்டிவைத்துப் பீதியைத் தணித்தார்.

அத்தகைய வல்லமை படைத்தவர் புகைப்படக் கருவியை வெறுத்தார். ரோசேசியா என்னும் நாள்பட்ட தோல் நோய் முற்றி, அவரது மூக்கின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, தோல் தடித்துச் சிவந்து முண்டும் முடிச்சுமாயிற்று. மருத்துவம் இதனை ரைனோஃபைமா என்கிறது. அவரது படங்கள் திருத்தப்பட்ட பின்னரே வெளிவந்தன. கேலிச்சித்திரக்காரர்களோ மூக்கை மேலும் பெருக்கிக் காட்டினர். தெருவில் படமெடுக்க வந்தோரை அவர் கைத்தடியை ஓங்கி விரட்டியதும் உண்டு.

தடித்த தோலைச் செதுக்கி அகற்றும் அறுவை சிகிச்சை அக்காலத்திலேயே இருந்தது. மார்கன் அதனை நாடவில்லை. இளம்பருவத்தில் வந்த வலிப்பு மீண்டும் வந்துவிடுமோ என அஞ்சியிருக்கலாம் என்பது அவருடைய மருமகனின் ஊகம்.

1912 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தபோது, கடனுக்கு அடிப்படை சொத்தன்று, மனிதரின் குணமே என்று அவர் வலியுறுத்தினார். ஆனால் ஊராரோ அவரது குணத்தையே மூக்கைக் கொண்டு அளந்தனர். 1913 மார்ச் 31-இல் ரோம் நகரில் அவர் மறைந்தார். மார்கனின் ஏகபோகங்களைக் கண்டிக்க நியாயமான காரணங்கள் உண்டு. மூக்கு அவற்றுள் ஒன்றன்று.

நூறாண்டுக்குப் பின்னும் அந்த அளவுகோல் மாறவில்லை. நான் வசிக்கும் அம்பத்தூரில், சிவந்து பருத்த மூக்குடையவரைக் குடிகாரர் என்றே பலர் முடிவுகட்டுகின்றனர். மதுவையே தொடாத ஒரு முதியவர், இந்த ஏளனத்துக்கு அஞ்சித் திருமண வீடுகளுக்குச் செல்வதையே நிறுத்திவிட்டதை நான் அறிவேன். மது சிலருக்கு முகச் சிவப்பைத் தூண்டலாம். ஆனால் மூக்குத் தடிப்புக்கு அதுவே காரணம் என்பது பிழை. குடிக்காதவருக்கும் இது வரும்.

மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாததால், நம்மவரிடம் ரோசேசியா காலந்தாழ்ந்தே கண்டறியப்படுவதுண்டு. தொடக்கத்திலேயே மருத்துவரை நாடினால் களிம்பும் மாத்திரையும் நோயைக் கட்டுப்படுத்தும். வெயிலிலிருந்து தற்காத்துக்கொள்வதும் உதவும். தடித்துவிட்ட தோலைக் கத்தியாலோ, மின்கருவியாலோ, கார்பன் டை ஆக்சைடு லேசராலோ சீவி அகற்றலாம். அடியில் சுரப்பிகளின் வேர்ப்பகுதியை விட்டுவைப்பதால், அங்கிருந்து புதுத்தோல் வளர்கிறது.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உழைத்து வாழ்வோர் இதற்காகச் செல்வந்தராக வேண்டியதில்லை. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று தோல் மருத்துவரைக் காணலாம். அவர்களைத் தயங்க வைப்பது செலவைக் காட்டிலும் நமது ஏளனமே. ஒருவரது நாணயத்தை அவரது மூக்கில் தேடுவதை நாம் நிறுத்தினால், அவர் மருத்துவமனைப் படியேறத் தயங்கமாட்டார்.